பதக்கத்துக்கு முன்பே ஏலம் போன வாழைக்குலை

கான்ஃபிடென்ஷியல் ஃபைல் பார்க்கிற இளம் கிளார்க்குகளுக்காக இதை எழுதுகிறேன். என் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதனால் மழுப்பாமல் எழுதுகிறேன்.

1. சைட்டேஷன்

விமானப்படையில் நான் கார்ப்பரல், ஆபீஸ் கிளார்க். என் ஆபீசர் ஸ்க்வாட்ரன் லீடர் தேவதாசன். அவருக்கு ஊர் செங்கல், எனக்குப் பாறசாலை; இரண்டும் நெய்யாற்றின்கரைத் தாலுகா. வெள்ள நிவாரணத்தில் பழைய டகோட்டா விமானங்களை ஒரு நாள்கூடத் தரையில் நிறுத்தாமல் பறக்க வைத்தவர். சிறந்த சேவைக்கான பதக்கத்துக்கு அவரைச் சிபாரிசு செய்து எழுதிய சைட்டேஷனை டைப் அடித்தவன் நான். முடிவு வரும்வரை அது வெளியே தெரியக் கூடாது.

2. லீவு

அந்த மாதமே லீவில் ஊருக்கு வந்தேன். எல்லைக் கிளர்ச்சி நடந்த காலம். எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு போக வேண்டும் என்று ஒரு கூட்டம், திருவிதாங்கூரோடுதான் இருக்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம். ஆபீசரின் அக்கா தங்கம்மை டீச்சரைப் பார்க்கப் போனேன்.

“எனக்க தம்பிக்க ஒரு எழுத்தும் இல்ல மக்கா. ஊரு கெடக்குத கெடையில அவனுக்கும் வல்லதும் ஏனக்கேடு வந்துதோ?”

தம்பிக்கு ஏதும் கெடுதல் நேர்ந்துவிட்டதோ என்று அழுதுவிடுவார் போலிருந்தது. தேற்றுவதாக நினைத்து உளறினேன். “சாருக்கு மெடலுக்கு பேப்பர் போயிருக்கு அக்கா. ஆருகிட்டயும் சொல்லப்பிடாது.”

“பேப்பர் போச்சுண்ணா கிட்டினதாக்கும்” என்றார் டீச்சர்.

யாரிடமும் சொல்லவில்லைதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஸ்தோத்திரக் காணிக்கையாக ஒரு வாழைக்குலை கொண்டுபோனார். காணிக்கைப் பொருளை ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். எதற்காக வைத்த காணிக்கை என்று வைத்தவரிடம் கேட்டு, அதையும் கூவித்தான் விடுவார்கள்.

“தேவதாசன் ஆபீசருக்கு கவர்மெண்டு பதக்கம் கிட்டினதுக்கு ஸ்தோத்திரமாக்கும்! கேளுங்கலே கேளுங்க!”

பின்வரிசையில் ஒருவன் கத்தினான்: “எலே, பதக்கத்த காட்டச் சொல்லு, கொல பெறவு எடுக்கிலாம்!”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வாரமே சந்தைச் சுவரில் இரண்டு நோட்டீஸ். பதக்கம் பெற்ற தமிழ் வீரர் தங்கள் பக்கம் என்று தமிழில் ஒன்று. நெய்யாற்றின்கரையின் வீரர் தங்கள் பக்கம் என்று மலையாளத்தில் ஒன்று. அவரை ஒருவனும் கேட்கவில்லை.

3. விளக்கம்

நான் லீவு முடிந்து விமானத்தளத்துக்குத் திரும்பிய பின் ஸ்டேஷன் கமாண்டர் தேவதாசனைக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு நோட்டீஸும் கிடந்தன. யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஃபைலோடு நானும் நின்றேன். கமாண்டர் வடநாட்டுக்காரர். ஆங்கிலத்தில் கேட்டார்.

“நீர் எந்தக் கட்சி?”

“எந்தக் கட்சியும் இல்லை சார்.”

“உம்முடைய ஊர் தமிழா, மலையாளமா?”

“வீட்டில் தமிழ். சந்தையில் இரண்டும், சார்.”

“இது ஒரு பதிலா? ரகசியச் சிபாரிசு ஊருக்கு எப்படிப் போயிற்று? எழுதிக் கொடும்.”

தன் அறைக்கு வந்ததும் தேவதாசன் கதவைச் சாத்தினார்.

“எப்பிடிலே வெளிய போச்சு, மக்கா?”

“தெரியாது சார்.”

விளக்கம் எழுத ஒரு தாளை என்னிடம் நீட்டினார். “அப்ப தெரியாதுண்ணே டைப் அடி.”

அடித்தேன். அவரே பெருமைக்காக வீட்டுக்கு எழுதியிருப்பார் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். சிபாரிசு காரணம் எதுவும் போடாமல் திரும்பி வந்தது. அதை ஃபைலில் கோத்தவனும் நான்தான். அவருக்கு அதன் பிறகு ஒரு சிபாரிசும் போகவில்லை. நான் லீவில் போனது அவருக்குத் தெரியும். லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டவரே அவர். பிறகு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

ரகசிய ஃபைல் பார்க்கிறவன் யார் அழுதாலும் வாய் திறக்கக் கூடாது. திறந்துவிட்டால், கேட்ட உடனே “நான்தான் சார்” என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் என் சட்டைக் கையிலிருந்த கார்ப்பரல் பட்டை இரண்டும் போயிருக்கும். சட்டையில் தைத்த துணி, அவ்வளவுதான். அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.