எலிக்கு வைத்த வெடி

அப்பா நெய்வேலி மைன்ஸில் வெடி வைத்து ரிட்டையர் ஆனவர். பாறையில் குழி போட்டு, வெடியை இறக்கி, சைரன் ஊதி ஆட்களை விரட்டிவிட்டுத் தூர நின்று வெடிப்பார்கள். என் ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட அதுதான். ஊசியில் ஏற்றும் நுண்துகள்கள் புற்றுக்கட்டிக்குள் போய்த் தங்கிவிடும். வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் அடித்தால் அவை கட்டியை உள்ளிருந்தே கொல்லும்.

இதை ஒருமுறை விளக்கிச் சொன்னேன். மகள் கேன்சருக்கு வெடி கண்டுபிடித்துவிட்டாள் என்று டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டார். அப்புறம் அவர் ஈரலிலேயே கட்டி வந்தது.

"எனக்கு எப்பம்மா வெடிப்ப?"

"இன்னும் எலிக்குத்தாம்ப்பா போட்டுப் பாக்கறோம். மனுஷங்களுக்குப் போட அனுமதி இல்ல."

கையிலிருந்த சில்வர் சொம்பை வீசினார். என் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"எலிக்குக் குடுப்ப, பெத்தவனுக்குக் குடுக்க மாட்டியாடி?"

"போட்டு நீ செத்தா நான் ஜெயிலுக்குப் போறதா?" என்று கத்தி, அதே சொம்பைச் சுவரில் அடித்து நசுக்கினேன்.

மழைக்காலம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்து லேபுக்குத் திரும்பியபோது ஒரு எலிக்குக் கட்டி அடியோடு கரைந்திருந்தது. அது தெம்பாகக் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. குணமான எலியைக் கொன்று, உள்ளே கட்டி மிச்சமிருக்கிறதா என்று அறுத்துப் பார்ப்பது எங்கள் முறை. எப்போதும் அந்த வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிடுவேன். அன்றைக்கு நானே கத்தியை எடுத்தேன்.