அரிசியில் பட்ட கால்

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. விரலில் ஒரு பருக்கை ஒட்டினாலும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடே அதிர அழுவாள். ஈரம் ஆகாது, பிசுபிசுப்பு ஆகாது, யாருடைய உள்ளங்கையும் ஆகாது, என்னுடையது உட்பட. குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்கும்போது மணிக்கட்டைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். திருடனைப் பிடித்துப்போகும் போலீஸ் மாதிரி போவோம். பெற்ற பிள்ளை ஒருநாளும் என் கையைப் பிடித்ததில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன்.

குழந்தைகள் மருத்துவர், சில பிள்ளைகளுக்குத் தொடுவதே தொல்லையாக இருக்கும் என்றார். அரிசி, பருப்பு, மாவு என்று வீட்டில் இருப்பதை அகலமான பாத்திரத்தில் கொட்டி அளைய விடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள், நீங்களும் கூடவே உட்காருங்கள் என்றார். இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கோவிலம்பாக்கம் வீட்டு ஹாலில் பாயை விரித்து, நீல டப்பில் பச்சரிசியைக் கொட்டினேன். அரைமணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு ஒரு விரலை வைத்தாள். பிறகு நான்கு விரல். காய்ந்த அரிசி ஒட்டாது என்று தெரிந்ததும் முழங்கைவரை உள்ளே விட்டாள். அந்தச் சந்தோஷத்தில் எழுந்து இரண்டு காலையும் டப்புக்குள் வைத்தாள்.

என் வாய் சும்மா இருந்ததா?

“அரிசிய மிதிக்கலாமாடி? தொட்டுக் கும்பிடு.”

சொன்னதோடு விடவில்லை. அவளை வெளியே தூக்கி, கையைப் பிடித்து அரிசியைத் தொடவைத்து, கண்ணில் ஒற்றவும் வைத்தேன். முப்பது வருடப் பழக்கம், யோசிக்கவே இல்லை. அவள் அழவில்லை. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அதன்பின் இரண்டு வாரம், டப்பைக் கண்டாலே வேறு அறைக்குப் போய்விடுவாள்.

என்மேல் எனக்கு வந்த கோபத்தைக் கணவரிடம் காட்டினேன். மிதித்தால் உனக்குக் கோபம் வராத பொருளாக ஒன்றைக் கண்டுபிடி என்று அவர் சிரித்தார். தேடிப் பார்த்தால் வீட்டில் அப்படி ஒன்றுமே இல்லை. பருப்பும் உப்பும் லட்சுமி. கிழித்துப் போட்ட செய்தித்தாள் சரஸ்வதி. கடைசியில் மண்தான் மிஞ்சியது. பூமாதேவியும் தெய்வம்தான், ஆனால் அவளை மிதிக்காமல் யார் பஸ் பிடிக்க முடியும்?

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் ஒரு பக்கெட் மணல் கேட்டதற்கு, “எட்த்துக்கோக்கா, இத்த போயி கேட்டுகினு” என்றார். சலித்து, அலசி, மாடியில் காயவைத்து, டப்பில் கொட்டிப் பால்கனியில் வைத்தேன். ஒட்டுவதற்கும் பழகட்டும் என்று ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினேன். ஈர மணல் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய எதிரி என்று தெரிந்தேதான் ஊற்றினேன். இந்த முறை என் கால்களைத்தான் முதலில் உள்ளே வைத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அவள் பால்கனி வாசற்படியில் நின்று என் காலையே பார்த்தாள். மணலுக்கு மேல் என் கால் கட்டைவிரல் மட்டும் ஆடியது. கிட்டே வந்து குத்தவைத்தாள். ஆடும் விரல்மேல் ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். முழுக்க மணல். இப்போது அலறுவாள், இதோ அலறப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் இன்னொரு பிடி அள்ளினாள்.

என் இரண்டு பாதங்களும் மூடும்வரை அள்ளிப் போட்டுத் தட்டினாள். அவ்வளவு கவனமாக யாரும் என் காலைத் தொட்டதில்லை. போட மணல் தீர்ந்ததும் நிமிர்ந்தாள்.

“அம்மா, கை குடு.”

கொடுத்தேன். அதையும் மூடத்தான் கேட்டாள் என்று நினைத்தேன். அவள் மண் ஒட்டிய சின்னக் கையை என் உள்ளங்கைக்குள் வைத்து, ஐந்து விரலையும் மடக்கிப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் நடுவே மணல் நறநறத்தது. உள்ளே குக்கர் ஐந்தாவது விசில் அடித்தது, ஆறாவதும் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.