அந்த ஊரில் என்ன வருஷம்

எங்கள் வீட்டில் பிரான்ஸைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். பார்த்தது காரைக்கால் தியேட்டரில். முகமூடி போட்ட ஒருவன் மாடிக்கு மாடி தாவிக் கெட்டவர்களை உதைக்கிற டப்பிங் படம். அது யாரோ அமெரிக்காக்காரர்கள் கற்பனையில் கட்டிய ஊர் என்பதெல்லாம் எட்டு வயதில் எனக்கெங்கே தெரியும்? வெள்ளைக்காரன் ஊர் என்றால் எங்களுக்கு அது பிரான்ஸ்தான்.

அப்போது அக்காவுக்கு நேஷனாலிட்டி மாப்பிள்ளை வந்திருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவருக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் வயசு, குணம் எதுவும் நிற்காது. அப்பா இல்லாத வீடு வேறு. அம்மாவின் தம்பியான மாமா கொண்டுவந்த போட்டோவில், மாப்பிள்ளை அகலக் காலர் சட்டையும் தொளதொளப் பேன்ட்டுமாக, உருண்டை மூக்கு வைத்த நீளக் கார் ஒன்றில் சாய்ந்து நின்றார். நல்ல இளவட்டம்.

அப்பாவின் அக்காவான அத்தைக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. உடுப்பும் காரும் தன் கல்யாணக் காலத்தவை, போட்டோ பழசு என்று அடித்துச் சொன்னாள்.

பிரான்ஸைப் பார்த்தவளாயிற்றே என்று மாமா என்னைக் கூப்பிட்டார். நானும் பெரிய மனுஷியாகச் சாட்சி சொன்னேன். அந்த ஊரில் கம்ப்யூட்டரும் உண்டு, விரல் விட்டுச் சுற்றுகிற கறுப்பு போனும் உண்டு. ஆம்பளைகள் எல்லாரும் தொப்பி போட்டிருப்பார்கள். போலீஸ்கூட இந்த மாதிரிக் காரில்தான் வரும். அத்தையின் பேச்சு எடுபடவில்லை. மாமா அதோடு விடாமல் அக்காவையும் என்னையும் அதே படத்துக்கு அனுப்பிவைத்தார்.

திரும்பும்போது விழிதியூர் பஸ்ஸில் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஊர்ல இப்ப என்ன வருஷம்னு எங்கயாச்சும் போட்டிருந்துச்சாடி?"

ஒரு காலண்டரைக்கூடக் காட்டவில்லை என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளை வந்து இறங்கினார். தலைக்குச் சாயம். மாமாவைவிட மூத்தவர். பந்தலே வாயைப் பொத்திக்கொண்டது. நிறுத்துங்கள் என்று அத்தை கத்தினாள். மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாயிற்று, இனி நிறுத்தினால் ஊர் காறித் துப்பும் என்றார் மாமா. அம்மா உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. எனக்குச் சாக்லேட் கொடுத்தார். அவர் ஊர்க் கார்களைப் பற்றிக் கேட்டேன். அது அவர் வாலிபத்தில் ஓட்டிய வண்டியாம். இப்போது அங்கே எல்லாம் புத்தம் புதுசாம். இந்த நல்ல சேதியைச் சொல்ல அக்காவிடம் ஓடினேன். மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும்டி. போட்டோவப் பாத்த அன்னைக்கே தெரியும். யாராச்சும் ஒருத்தர் என்னையக் கேப்பாங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"நான் கேக்குறேன்க்கா. என்ன கேக்கணும்?"

போய்ச் சாப்பிடச் சொன்னாள். போனேன்.

மறுநாள் மாதா கோயிலில், முழு மனதோடு சம்மதமா என்று சாமியார் அக்காவைக் கேட்டார். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா குனிந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். சம்மதம் என்றாள் அக்கா. கடைசியில் ஒருத்தராவது அவளைக் கேட்டுவிட்டாரே என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது.