ஆன்சி பூசிய சுவர்

ராயபுரத்தில் ஆன்சியின் வீட்டுக்கு நான் டேப்போடு போனது பழைய வீடுகளின் கணக்கெடுப்புக்காக. ரயில் நிலையம் வருவதற்கும் முன்னால், கப்பல்கள் கடலிலேயே நிற்க, படகுகள் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்த காலத்தில் ஒரு படகு முதலாளி கட்டிய வீடு அது. சுண்ணாம்பு வைத்துக் கட்டிய இரண்டடி அகலச் செங்கல் சுவர். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் ஒட்டுக் கூரை. அந்த வம்சத்தில் கடைசி ஆள் ஆன்சியின் கணவர். அவரும் போய்விட்டார்.

ஆன்சிக்கு ஐம்பத்தாறு வயது. பதினாறிலிருந்து சித்தாள் வேலை. சுவரில் உப்பு பூத்து உதிர்வது அவருக்கு ஆகாது. வேலைத்தளத்தில் மிஞ்சும் சிமெண்டைக் கேட்டு வாங்கிவந்து, பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் ஒரு துண்டுச் சுவரைத் தானே பூசினார். சித்தாளை எந்த மேஸ்திரியும் பூச்சுக் கரண்டி பிடிக்க விடமாட்டார். இந்த வீட்டில் அவர்தான் மேஸ்திரி.

"தடவிப் பாரு தம்பி, கண்ணாடி மாரி கீதா?"

தட்டிப் பார்த்தேன். உள்ளே காலியாக இருப்பதுபோல் பொள்ளல் சத்தம். மறுபடி தட்டியதும் ஒரு பாளம் பெயர்ந்து என் காலருகே விழுந்தது. உள்ளே செங்கல் இல்லை, ஈரமான சிவப்பு மாவு. நான்கு விரலும் அப்படியே உள்ளே போயின. உத்திரம் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

"இன்னாடா இது?"

சுவர் தரையிலிருந்து இழுக்கும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும் என்று சொன்னேன். இதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாமோ?

"அப்போ நாந்தான் கெடுத்தேனா? பன்னெண்டு வருசமா?"

விழுந்த பாளத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சுண்ணாம்பு பூசினா நிக்குமா? எத்தினி நாளு ஊறப் போடணும்?"

தெரியாது என்றேன். கல்லூரியில் நாலு வருடமும் சிமெண்ட்தான் படித்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் இன்ஜினியர் நான்.

"நல்லா படிச்ச போ. ஒனக்கு நானே மேலு நைனா. கட்டிலப் புடி."

உத்திரத்துக்குக் கீழே கிடந்த கட்டிலைத் தெருவில் போட்டோம். அடுத்த சந்தில் வீடு கட்டும் இடத்தில் கேட்டு, நான்கு சவுக்குக் கழிகளைத் தூக்கிவந்தோம். உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து ஆப்பு அடித்தார். பிறகு உளியை எடுத்து, போன வருடம் பூசிய இடத்தில் சிமெண்டைக் கொத்தி எடுக்க ஆரம்பித்தார்.

நல்ல பூச்சு. லேசில் பெயரவில்லை.