மீட்டரைத் தூங்க வைத்த கதை

வீடு வீடாகப் போய்க் கரண்டு பில்லைக் குறைத்துக் கொடுப்பது என் தொழில். ஒழுங்காகச் செய்தால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது, சொதப்பினால் தெருவுக்கே தெரியும். ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க வருபவரை எமனைப் பார்ப்பதுபோல் பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் டூல்ஸ் பையை ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பில் குறைந்தால் ஊரில் அனல்மின் நிலையத்துப் புகையும் குறையும் என்று சேர்த்துச் சொல்வேன். கேட்பவர்கள் ஒரு முறை ஆகாயத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். ஆனாலும் மரியாதையாகக் 'கரண்டு மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரே நேரத்தில் ரெண்டு பேர்

ஏசுபாதம் அண்ணன் இரும்புக் கம்பி செய்யும் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர். பகலில்தான் தூக்கம். வீடோ, மொட்டை மாடி வெயில் நேராகக் கட்டிலில் இறங்கும் வீடு. ஒரு பழைய ஏசி உண்டு. ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறிவிடும் என்று அவர் மனைவி மேரி அக்கா வாசலுக்குப் போய் மீட்டரைப் பார்ப்பார், உள்ளே வந்து ஏசியை அணைப்பார். அண்ணன் வேர்வையில் குளித்து எழுந்து உட்காருவார்.

போன புரட்டாசியில், பழுக்கக் காய்ந்த கம்பி ஓடும் இடத்தில் நின்றபடியே அவர் கண் அசந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் உயிர் பிழைத்தார். இன்னொரு முறை தூங்கினால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அவுரு தூங்குனா மீட்டரு ஓடுது. மீட்டரு தூங்குனா அவுரு முழிச்சிக்கினு கீறாரு. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல தூங்க வைக்க முடியுமா மேடம்?"

சத்தம் போடாத ஃபேன்

முதல் வேலையாகப் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, பாதிக் கரண்டுகூடக் குடிக்காத புது ரக ஃபேனை மாட்டினேன். ஏசியை இருபத்தாறு டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓட விட்டால் போதும் என்று பாடம் எடுத்தேன். புது ஃபேன் சுற்றுவதே காதில் விழாது. எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் அண்ணன் சிவந்த கண்களோடு என் சின்ன எலெக்ட்ரிக் கடை வாசலில் நின்றார். ஃபேன் ஓடவில்லையா என்றேன். ஓடுகிறதாம். காற்று வரவில்லையா? வருகிறதாம். பின்னே என்னதான் பேஜாரு என்று கேட்டதற்கு, ரொம்ப வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்:

"மில்லுல சத்தம் நின்னா பிரேக்டவுன்னு அர்த்தம் மேடம். கண்ண மூடுனா ஒரே அமைதியா கீது, உடனே எழுந்து ஓடறேன்."

இதற்கு என் பையில் சாமான் இல்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மில் ஓடும் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு வந்து, தலைமாட்டில் ஓடவிட்டுத் தூங்கினார்.

ரெண்டு ஃப்ரிட்ஜ்

நடுவில் சோழவரத்தில் ஒரு சமாச்சாரம். நெல் விவசாயம் பார்க்கும் ஒரு பெரியவர், என் பேச்சைக் கேட்டு அரதப் பழசான ஃப்ரிட்ஜுக்குப் பதில் ஐந்து நட்சத்திர ஃப்ரிட்ஜ் வாங்கினார். அடுத்த பில் முன்பைவிட ஏறியிருந்தது. ஓடிப்போய் வயரிங், எர்த், மீட்டர் எல்லாவற்றையும் குடைந்தேன். ஒரு குறையும் இல்லை. கடைசியில் தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் பின்னால் போனால், பழைய ஃப்ரிட்ஜ் மல்லிப்பூவும் மாவுமாக உறுமிக்கொண்டு நிற்கிறது! தலையில் கை வைத்துக்கொண்டேன். பெரியவர் நிதானமாகச் சொன்னார்:

"புச்சு மிச்சம் புடிக்கும்னு நீதானம்மா சொன்ன? அந்த மிச்சத்துலதான் பழசு ஓடிக்கினு கீது."

வெயில் எல்லோருக்கும் பொது

தை மாதம் ஏசுபாதம் அண்ணன் வீட்டு மாடியில் சோலார் போட்டோம். அவர் தூங்குவது வெயில் நேரம், பேனல் வேலை செய்வதும் வெயில் நேரம். இதைவிடப் பொருத்தமான ஜோடி எங்கே கிடைக்கும்? ஏசி ஓடியது, மீட்டரில் நம்பர் அசையவில்லை. மேரி அக்கா மீட்டருக்கே முத்தம் கொடுக்காத குறை.

பங்குனியில் அண்ணனிடமிருந்து போன். மத்தியானமானால் மீட்டர் ஓடுகிறதாம், அக்கா மறுபடியும் ஏசியை அணைக்கிறாராம், நாலு நாளாகத் தூக்கமில்லையாம். "நேத்து ராத்திரி நின்னுக்கினே ரெண்டு வாட்டி கண்ணு சொருகிச்சி மேடம்" என்றார். ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. இன்வெர்ட்டரைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன். எல்லாம் சரி. அப்போதுதான் சோழவரத்து ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்து மாடிக்கு ஓடினேன். பேனல் மேல் நாலு முழ வேட்டி, வேட்டி மேல் வரிசை வரிசையாக வடாம்!

கோபத்தில் கத்திவிட்டேன். உங்கள் வடாம் காய்வதால்தான் உங்கள் வீட்டுக்காரர் தூங்கவில்லை என்று சொன்னதும் அக்கா அப்படியே உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ரெண்டு பேருமாக வேட்டியைத் தூக்கி, நிழல் படாத அந்தப் பக்கத்துத் தரையில் விரித்தோம். மூக்கைத் துடைத்துக்கொண்டே அக்கா முணுமுணுத்தார்:

"வெயிலு எல்லார்க்கும் பொதுதானே மேடம்? கண்ணாடி டேபிளு மாரி சும்மா கீதேன்னு போட்டேன்."

ஸ்கூட்டி ஹாரன்

போன வாரம் உச்சி வெயிலில், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அக்கா வாசலிலேயே வாயில் விரல் வைத்து என்னை நிறுத்தினார். உள்ளே போனில் மில் கடகடவென்று ஓடுகிறது, அதற்கு ஈடாக அண்ணன் குறட்டை விடுகிறார். மீட்டரில் நம்பர் கல் மாதிரி நிற்கிறது. முந்தின ராத்திரி மில்லில் அந்தச் சூப்பர்வைசரே நாற்காலியில் தூங்கி வழிந்தாராம், நம் அண்ணன்தான் தட்டி எழுப்பிவிட்டாராம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்தபடி ஸ்கூட்டி ஹாரனில் என் கை பட்டுவிட்டது. அக்கா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார்:

"மெதுவா மேடம். ரெண்டு பேரும் தூங்கறாங்க."

கரண்டை மிச்சப்படுத்துவது ஒன்றும் பெரிய வித்தையில்லை, சக பாவிகளே. மிச்சமான வெயிலை வடாம் கண்ணில் படாமல் காப்பாற்றுவதுதான் வித்தை.