மாமி ஏறாத உச்சி

ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் என் மாமியார் திருகோணமலையிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தார். மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டு ஜன்னலடியில் நின்று, பனிமலை எங்கே என்று கேட்டார். இங்கே தெரிபவை குன்றுகள்தான் என்றேன். தொலைக்காட்சியில் பார்த்த ஆல்ப்ஸ் மலை அவர் மனதில் இருந்தது. சுவிஸுக்குப் போக அப்போது தனி விசா வேண்டும். பிரான்சுக்கு நோர்வே விசாவே போதும். ஆகவே அந்தக் கோடையில் நானும் கணவரும் அவரைப் பிரான்ஸ் பக்க மலைக்குக் கூட்டிப்போனோம்.

எங்கள் கவலையெல்லாம் மாமியின் மூச்சைப் பற்றித்தான். புறப்படுமுன் டாக்டரிடம் காட்டினோம். கேபிள் காரில் கணவர் அவருடைய கையை விடவேயில்லை. மாமியோ கண்ணாடியில் முகத்தை ஒட்டி, கீழே சிறுத்துக்கொண்டு போகும் வீடுகளைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார்.

மேல் நிலையத்தில் இறங்கியதும் எனக்குத்தான் தலை சுற்றியது. உச்சித் தளத்துக்கு இன்னொரு லிஃப்டில் ஏற வேண்டும். அதற்கான வரிசையில் மாமி எங்களுக்கு முன்னால் நின்றார். நான் சுவரோரம் குந்தியிருந்து வாந்தி எடுத்தேன். உடனே கீழே கொண்டுபோங்கள் என்று அங்கு வேலை செய்த பெண் சொன்னாள். நான் தனியே போகிறேன் என்றேன், கணவர் சம்மதிக்கவில்லை. மாமியைப் பாஷை தெரியாத இடத்தில் விட்டுப்போகவும் முடியாது.

மாமி வரிசையிலிருந்து விலகி வந்து தன் சால்வையை எனக்குப் போர்த்தினார்.

"மலை எங்கையும் போகாது, பிள்ளை. வாரும், இறங்குவம்."

இறங்கும்போது நான் அவர் தோளில் சாய்ந்திருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் மலைப் பக்கம் திரும்பி நின்றார்கள். மாமி என் நெற்றியைத் தடவியபடி காலடி நிலத்தையே பார்த்திருந்தார்.

மறுநாள் மழையும் காற்றும். கேபிள் கார் ஓடவில்லை. அதற்கடுத்த நாள் விமானம்.

ஊர் திரும்பியவர், உச்சியில் நின்று பார்த்ததாக எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அங்கே காற்று எப்படி அடித்தது என்றுகூடச் சொன்னாராம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று போனில் கேட்டேன்.

"ஏறேல்லை எண்டால் ஏன் எண்டு கேப்பினம். பிறகு உம்மையெல்லே சொல்ல வேணும்?"

அடுத்த கோடைக்கு மறுபடி கூப்பிட்டோம், விசா மறுத்துவிட்டார்கள். பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. அது முடிந்து நாங்கள் கேட்டபோது, முழங்கால் ஏலாது, இனி வரவில்லை என்று மாமியே சொல்லிவிட்டார். அவர் இருந்தவரை அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. இப்போது யாராவது அந்தப் பக்கம் போய்ப் படம் அனுப்பினால், நான் கணவருக்குக் காட்டுவதில்லை.