ஒரே பேரில் இரண்டு வரி

அடையாறில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு கம்ப்யூட்டர் வேலை. நோயாளிகள் டேபிளையும் போன் நம்பர் டேபிளையும் எஸ்.க்யூ.எல். என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி ஒன்றாக இணைத்து, ஒரே குழந்தை இரண்டு தடவை பதிவான டூப்ளிகேட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரே பேர், ஒரே நம்பர், இரண்டு வரிகள். பிறந்த தேதி மட்டும் வேறு. ஒன்றை அழிக்க வேண்டும். எந்தத் தேதி சரி என்று கேட்கக் குழந்தையின் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

இன்னொன்றை அழித்துவிடுவேன் என்றதும் போனை வைத்தவர், ஆட்டோவை வாசலில் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். காக்கிச் சட்டையின் மேல் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டுமே கரீட்டு சார். மூத்தது தவறிட்ச்சி. அதே பேரைத்தான் சின்னதுக்கு வெச்சோம். அழிச்சிட்டீங்களா?"

"இல்லைங்க."

இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருந்த ஸ்க்ரீனை அவர் பக்கம் திருப்பினேன். பட்டனைத் திருகிய கை நின்றது.

"ஒண்ண ஒண்ணு பாத்ததே இல்ல சார். இங்கதான் ஒண்ணா கீதுங்க."

தேடலில் பிறந்த தேதியையும் சேர்த்தால் இந்தத் தப்பு வராது. அந்த இரண்டு குழந்தைகளும் ஸ்க்ரீனில் சேர்ந்து வராமல் பிரிந்துவிடுவார்கள். இன்னும் சேர்க்கவில்லை.